கொய்யா மரம் தவிர

ஒன்பது வயதிலேயே நான் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரி. சிரிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன். எங்கள் சாய்ந்தமருதில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணக் காவின் எழுதிய கையோடு மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்ணைப் பெற்றவர்கள் அவள் தவழத் தொடங்கும்போதே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் வாப்பா மேசன். பகலில் ஊரார் பிள்ளைகளுக்கு வீடு கட்டிவிட்டு, மிச்சமிருந்த வெளிச்சத்தில் மூத்தவள் ராத்தாவுக்குக் கட்டினார். கடற்கரையோரம் வாப்பாவுக்கு ஒரு தென்னங்காணி இருந்தது. அங்கேதான் அந்த வீடு வருடக்கணக்காக எழும்பிக்கொண்டிருந்தது.

ராத்தாவுக்குக் கலியாணம் பேசிய அன்று உம்மா மரைக்காருக்கு முன்னால் பங்கைச் சொல்லிவிட்டார். மூத்தவளுக்குக் கடற்கரை வீடு, இளையவளுக்கு நாங்கள் குடியிருக்கிற இந்த வீடு. மரைக்கார் என்றால் பள்ளிவாசலில் எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பேசுகிற பெரியவர். அவர் காதில் ஒரு சொல் விழுந்தால் அது விழுந்ததுதான், பிறகு அள்ள முடியாது.

அன்றிலிருந்து அயலில் எல்லாரும் என்னை "வீட்டுக்காரி" என்று பகிடி பண்ணினார்கள். மீன்காரர்கூடச் சைக்கிளை நிறுத்தி, "வீட்டுக்காரி, இண்டைக்குக் கீரியா சூடையா?" என்று என்னிடம்தான் கேட்பார். எனக்குச் சொல்லவா வேண்டும்? ராத்தாவின் சிநேகிதிகள் கால் கழுவாமல் விறாந்தையில் ஏறினால் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். பின்வளவில் நின்ற கொய்யா மரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் ஏற என் உத்தரவு வேண்டும்.

உம்மா பொல்லாதவர். சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் பொறுக்கித் தின்ன வைப்பார். பேய்ச் சிரிப்புச் சிரித்தால் அகப்பைக் காம்பு முதுகில் விழும். நோன்பு காலத்தில் அடுத்த வீட்டுக் கஞ்சி வரும் முன்னால் எங்கள் கஞ்சி அங்கே போயிருக்க வேண்டும். இப்படி ஆயிரம் சட்டம். ஆனால் அந்தப் பொல்லாத மனுசியிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எங்களுடைய எதையும் கேட்காமல் எடுக்கமாட்டார். நான் பாதி கடித்த கொய்யாப்பழத்தைப் பார்த்துக்கூட, "ஒரு கடி தரலாமா புள்ள?" என்று கேட்டுவிட்டு நிற்பார். ஏலாது என்றால் பேசாமல் போய்விடுவார். நான் பல தரம் ஏலாது என்று சொல்லியிருக்கிறேன், சும்மா, அவர் போகிறாரா என்று பார்ப்பதற்காக. ஒவ்வொரு தரமும் போனார்.

உம்மாவின் சிறுவயதைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது கொஞ்சம்தான். பெரிய சூறாவளி வந்த வருடம் அவருடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கென்று சொல்லியிருந்த வீட்டில் அவருடைய அக்கா குடிவந்தார். உம்மா அந்த வீட்டுக் குசினியில் அடுப்பூதி வளர்ந்து, வீடில்லாத பெண்ணாகத்தான் வாப்பாவைக் கலியாணம் முடித்தார். வாப்பாவின் ஆட்கள் அதைச் சொல்லிக்காட்டியதும், வாப்பா மேசன் கரண்டியை எடுத்து இந்த வீட்டைக் கட்டியதும் ஊரறிந்த கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ராத்தா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். வாப்பா விடியவே எழும்பி, கடற்கரை வீட்டின் புதுப்பூச்சுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். கலியாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். முதலில் ஒரு இரைச்சல் கேட்டது, கல் லொறி ஒன்று எங்கேயோ கல்லைக் கொட்டுகிற மாதிரி. பிறகு சனம். கிழக்கேயிருந்து ஒழுங்கை நிறையச் சனம் ஓடி வந்தது, தலைமுடியில் மணலும் சேறுமாக. "கடல் வருது" என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடல் எப்படி வரும்? நாங்கள்தானே அங்கே போவோம்.

எங்கள் வீடு பெரிய ரோட்டுக்கு மேற்கே, வயல் பக்கமாக இருந்ததால் தண்ணீர் அங்கே வரவில்லை. சனம்தான் வந்தது. விறாந்தை, அறைகள், குசினி எல்லாம் நிறைந்தது. ஒருவரும் கால் கழுவவில்லை. வாசலில் நின்ற வீட்டுக்காரி ஒருவரையும் இறக்கிவிடவில்லை. என் கட்டிலில் யாரோ ஒரு பெண் நனைந்த உடுப்போடு இருந்து, ஒரு செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் செருப்பு. நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

உம்மா மட்டும் சனத்துக்கு எதிராகக் கிழக்கே ஓடினார். பகல் திரும்பிய பிறகு வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர் ஒரு கதவைத் தூக்கி வந்தார்கள், அதில் வாப்பா கிடந்தார். தென்னை மரமொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பினாராம். வலது கால் முறிந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கதவு ராத்தாவின் வீட்டு முன்கதவு. வாப்பா பார்த்துப் பார்த்துச் செய்வித்த முதிரை மரக் கதவு. அந்த வீட்டிலிருந்து எங்களிடம் திரும்பி வந்தது அது மட்டும்தான். பிறகு நான் போய்ப் பார்த்தபோது அங்கே தரை மட்டும் இருந்தது, சிவப்புச் சிமெந்துத் தரை, இப்போதுதான் கழுவி விட்ட மாதிரிச் சுத்தமாக. சுவர் எங்கே என்று நான் வாப்பாவிடம் கேட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மையவாடியில் புதைக்க இடம் போதாமல் ஊர் திணறிய நாட்கள் அவை. கொஞ்ச நாள் போய், ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய உம்மா கடலோடு போய்விட்டார். வீடும் இல்லை. தங்கச்சியோடு பள்ளிக்கூடத்தில், அகதிகளோடு இருந்தார். என் வயதுப் பிள்ளை அவள். யாரோ கொடுத்த பெரிய சட்டைக்குள் நின்றுகொண்டு, கூடப்பிறந்த காக்காவின் சேட்டு நுனியை விடவே இல்லை.

வாப்பா படுத்திருந்த கட்டிலடியில் நின்று அவர் சொன்னார். "மாமா, மாமி, குறையா நினைக்க வேணாம். என்ட உம்மா இல்ல. ஒங்கட வீடும் போயிட்டு. இந்தப் புள்ளய விட்டுட்டு நான் மாப்பிளயா வந்து இரிக்க ஏலா. பேசின பேச்ச விட்டுருவம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடனாகக் கேட்ட சாமானைத் திருப்பித் தர வந்தவர் மாதிரித்தான் சொன்னார். சீலைத் திரைக்குப் பின்னால் ராத்தா நிற்பது அவளுடைய பாதங்களிலிருந்து தெரிந்தது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மேசனுக்கு எழும்பி நிற்கக்கூட முடியாத நேரம்.

"இரிங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் உம்மா. தேத்தண்ணியை ராத்தாவிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தேத்தண்ணி ஆறுவதற்குள் மரைக்காரோடு திரும்பி வந்தார். மனுசன் ஜனாஸாக்களை அடக்கம் பண்ண அலைந்து குரலே இல்லாமல் போயிருந்தார். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, அதற்குள் கொய்யா மரத்தில் ஏறிவிட்ட என்னை உம்மா கூப்பிட்டார்.

கூப்பிட்ட விதத்தில் எனக்கு அடிதான் என்று முடிவு செய்துவிட்டேன். என்ன குற்றம் என்றுதான் பிடிபடவில்லை. மரத்திலிருந்து இறங்கி, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். உம்மா என் உயரத்துக்குக் குந்திக்கொண்டார். அகப்பையும் இல்லை, முறைப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"புள்ள, இது ஒனக்கெண்டு மரைக்காருக்கு முன்னால சொன்ன வீடு. ராத்தாட வீடு போயிட்டு. இத ராத்தாக்குக் குடுக்க ஒனக்கு விருப்பமா? விருப்பமில்லாட்டி இல்லையெண்டு சொல்லு."

மரைக்கார் சிரிக்கப் பார்த்தார், சத்தம் வரவில்லை. "நீ தாய். நீ குடுத்தாச் சரிதானே. சின்னப் புள்ளைக்கிட்டப் போய் என்னத்தக் கேக்கிற?"

"சரியில்ல மரைக்கார்" என்றார் உம்மா, என்னைப் பார்த்தபடியே. "என்ட வீடு போகக்குள்ள என்னையும் சின்னப் புள்ள எண்டுதான் சொன்னாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல்ல."

மரைக்கார் தலையைக் குனிந்துகொண்டார். வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பினார். இந்த வீட்டில் பள்ளிக்கூடப் பையின் நிறத்தைக்கூட என்னிடம் கேட்டு வாங்கியதில்லை. கொய்யாவில் ஒரு கடி கேட்பது வேறு, வீட்டைக் கேட்பது வேறு இல்லையா? பெரியவர்கள் இத்தனை பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கச்சியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க படுக்கிற?" என்று கேட்டேன்.

"குசினியில, என்னோட."

"அப்பக் கொய்யா மரம் ஆருக்கு?"

உம்மா சிரிக்கவில்லை. எழும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். "தம்பி, கொய்யா மரம் தவிர. அது புள்ளைக்கு. சம்மதமா? ஒங்கட தங்கச்சியும் ஒங்களோட இஞ்ச வந்து இரிக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "சம்மதம் மாமி" என்றவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த நாட்களில் அழுகையை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனாலும் ஒரு கொய்யா மரத்துக்காக இவ்வளவு பெரிய மனுசர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். பாவமாக இருந்தது. பழுத்தால் ஒன்று கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, "அப்ப ஓம்" என்றேன்.

காவின் எழுதிய அன்று விருந்தில்லை, பேரீச்சம்பழமும் பிளேன்டீயும்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் பாயையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு பின்வளவில் தனியாக நின்ற குசினிக்குப் போனோம். வாப்பாவைக் கதிரையோடு தூக்கிப் போனார்கள். ஒரு வீட்டிலிருந்து அதன் கொல்லைக்குக் குடிபோவது எவ்வளவு கிட்டத்துப் பயணம் பாருங்கள். ஆனால் எனக்கு உலகமே புரண்டுவிட்டது. யன்னலடியில் இருந்த என் கட்டிலில் அந்தத் தங்கச்சிப் பிள்ளை இருந்து, என்னையே பார்த்தாள். விளையாட்டு முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல. ஆகவில்லை.

மறுநாள் காலை உம்மா எதையோ எடுக்க வீட்டுக்குப் போனார். தான் இருபது வருடமாக ஏறி இறங்கிய படியில் நின்று, "வரட்டா மகள்?" என்று கேட்டார். ராத்தா ஓடி வந்தாள். "ஏனும்மா இப்பிடிக் கேட்டு என்னக் கொல்லுறீங்க" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன்ட வீடுதானே, கேக்காம எப்பிடி வாற?" என்றார் உம்மா, ஏதோ உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்.

கடற்கரையில் இனிக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. மாற்று வீடு வரும் என்றார்கள். எங்களுக்குத்தான் நிற்கிற வீடு இருக்கிறதே, ஆகையால் வரிசையில் கடைசியாம். வாப்பாவின் கால் பொருந்தியது, ஆனால் கோணலாகப் பொருந்தியது. அவரால் இனிச் சாரம் ஏற முடியாது. இதையெல்லாம் நான் காதால் கேட்டேனே தவிர கணக்கில் எடுக்கவில்லை. உம்மா ஒரு நாள் நல்ல உடுப்பு உடுத்துக் கல்முனைக்குப் படம் எடுக்கப் போனார். என்னையும் கூட்டிப்போய் ஐஸ்பழம் வாங்கித் தந்தார். நான் அந்தப் படத்தை எங்கே மாட்டப்போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு காலை நான் எழும்பியபோது பக்கத்துப் பாய் சுருட்டியிருந்தது. ஒழுங்கையில் வேன் ஒன்று புறப்படுகிற சத்தம். வாப்பா குசினி வாசலில் ஊன்றுகோலோடு நின்றார். "உம்மா வெளிநாட்டுக்குப் போறா. ஒன்ட வீட்டக் கட்டத்தான் போறா" என்றார். நான் ஒழுங்கை முடிவுவரை ஓடினேன். ரோட்டில் புழுதி மட்டும் கிடந்தது.

வெளிநாட்டுக்குப் போகிற உம்மாமார் இருந்தார்கள், எனக்குத் தெரியும். வகுப்பில் பேன் பார்க்க ஆளில்லாமல் வந்து இருக்கும் பிள்ளைகளின் உம்மாமார். என் உம்மா போவார் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஒரு கடி கொய்யாவுக்குக் கேட்டு நிற்கிற மனுசி, வீட்டைக்கூட மரைக்காரை வைத்துக் கேட்ட மனுசி, போகட்டா என்று ஒரு சொல் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தால் களவு என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். என் உம்மாவை அவரே களவெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோபம் லேசில் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ராத்தாவின் போனுக்கு எடுப்பார். நான் மரத்தில் ஏறி இருந்துகொள்வேன். வாப்பா கதிரையில் இருந்தபடி மேசன்மாரைத் திட்டித் திட்டிப் பின்வளவில் ஒரு வீட்டை எழுப்பினார். உம்மா அனுப்ப அனுப்ப ஒரு சுவர், ஒரு யன்னல். கூரை போடும்போது கொய்யாவின் கிளை ஒன்று இடைஞ்சல் என்று மேசன் வெட்டப் போனார். அன்று உம்மா போனில் வாப்பாவிடம் போட்ட சத்தம் எனக்கு மரத்தில் கேட்டது. "புள்ளைக்கிட்டக் கேட்டீங்களா?" அவர்கள் வந்து கேட்டார்கள். நான் ஏலாது என்றேன். கூரையின் ஒரு மூலையைக் குறுக்கித்தான் கட்டினார்கள். இன்றைக்கும் மழை பெய்தால் அந்த மூலை ஒழுகும்.

சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்ன கிழமை உம்மா வந்தார். சந்தியிலிருந்த ஆமிச் சென்றியில் வெடி கொளுத்தினார்கள். தமிழாக்கள் இருக்கிற பாண்டிருப்புப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்று அங்கே போய் வந்த மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை, சொன்னார். எங்கள் ஒழுங்கையில் வேன் நின்றது. இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி உம்மாதான் திரும்பி வந்திருந்தார். கையெல்லாம் சவர்க்காரத்தில் வெந்து தோல் சுருங்கியிருந்தது. எனக்குப் பதினாலு வயது, உம்மாவைவிட உயர்ந்துவிட்டேன்.

புது வீட்டுக்கு வாப்பா அந்த முதிரைக் கதவைத்தான் போட்டிருந்தார். நான் அதன் நிலையில் சாய்ந்து வழியை மறித்துக்கொண்டு நின்றேன். உம்மா குழாயடியில் கால் கழுவினார். படிக்கு வந்து ஏறாமல் நின்றார்.

"வரட்டா வீட்டுக்காரி?"

இத்தனை வருடம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "போகக்குள்ள ஏன் என்னக் கேக்கல்ல?"

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டா நீ வேணாமெண்டிருப்பாய்."

"வேணாமெண்டா என்ன? போயிருப்பீங்கதானே."

"இல்ல புள்ள. போயிரிக்க மாட்டன்."

நல்ல சாட்டு என்று நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளையின் பேச்சுக்கு அடங்கி எந்த உம்மா இருந்திருக்கிறார்? ஆனாலும் அவருடைய கையைப் பார்த்த பிறகு மறித்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. "வாங்க உம்மா" என்று விலகினேன். வலது காலை வைத்து உள்ளே வந்து, புதுச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அதே மரம், அதே கொய்யா. நானும் உம்மாவைப் பார்த்துப் பழகி, ஒரு கடி தரலாமா என்று கேட்கிறேன். ஏலாது என்றால் பிடுங்கித் தின்றுவிட்டுச் சிரிக்கிறேன். கேட்பது என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மரைக்கார் முன்னால் கேட்டதும் அப்படி ஒரு முறைக்குத்தான், பெரியவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், என் 'ஓம்' ஒரு அலங்காரம் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

போன பெருநாளுக்கு ராத்தாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவளுடைய மூத்த பிள்ளை பக்கத்தில் இருந்து இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தான். ராத்தாவின் முகம் மாறிவிட்டது. கை வேலையை விட்டுவிட்டாள்.

"நீ வாய் திறக்கும் மட்டும் நான் திரைக்குப் பின்னால மூச்சு விடல்ல" என்றாள். "நீ கொய்யா மரத்தக் கேட்டாய். வீட்டக் கேட்டிருந்தா உம்மா ஒனக்கு வீட்டத்தான் தந்திருப்பா. அவரத் திருப்பி அனுப்பியிருப்பா."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். நான் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.